ஆளில்லாத சமையலறையை மரத்தில் செதுக்கலாமா?

மார்ச் 2, 2025 – ஒரு வாசகர் கேட்டது

"சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் பார்த்திருக்கிறேன். தீயில் வெந்த கம்பம் (குடிசை ஊர்), கூலி வேலை செய்பவர்கள், கலவரம். எல்லாம் உரக்கக் கத்துகிற படங்கள். கறுப்பு வெள்ளை அதற்குத்தான் பொருந்தும். நீங்கள் போன வாரம் காட்டிய பலகையில் ஒரு சமையலறைதான் இருக்கிறது, ஆள்கூட இல்லை. அதற்கு எதற்கு உளி? பென்சிலில் நிழல் போட்டு வரைந்தால் இன்னும் மென்மையாக வருமே."

மார்ச் 2, இரவு 10.40

பாதி ஒத்துக்கொள்கிறேன். நம் ஊர் மரச்செதுக்கு குரல் கொடுக்கத்தான் வந்தது. அதன் வேர் ஷாங்ஹாயில் இருக்கிறது. 1931 ஆகஸ்டில் சீன எழுத்தாளர் லூ சுன் அங்கே ஆறு நாள் பட்டறை ஒன்று நடத்தினார். உச்சியாமா காக்கிச்சி என்ற ஜப்பானியர் பாடம் எடுத்தார், பதின்மூன்று இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு பலகை, இரண்டு உளி, கொஞ்சம் மை இருந்தால் போதும், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து ஊரெல்லாம் ஒட்டலாம். காசில்லாதவர்களின் கலை அது. அந்த அலை தெற்கே வந்து இங்கேயும் தொட்டது.

1966-ல் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த பழைய சிவப்புச் செங்கல் தேசிய நூலகத்தில் ஆறு பேர் சேர்ந்து மரச்செதுக்குக் கண்காட்சி வைத்தார்கள்: லிம் யூ குவான், சீ சீன் டீ, ஃபூ சீ சான், டான் டீ சீ, சூ கெங் குவாங், லிம் மூ ஹுவே. புக்கிட் ஹோ சுவீ தீக்குப் பிறகான காட்சியை லிம் யூ குவான் செதுக்கியதும் அதே ஆண்டில்தான். நீங்கள் பார்த்த வெந்த கம்பம் அதுவாகத்தான் இருக்கும். தீ பிடித்தது 1961 மே 25-ல். சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள்.

சரி, வீடிழந்தவர்கள் அதற்கப்புறம் எங்கே போய்ச் சமைத்தார்கள்? வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அடுக்கடுக்காகக் கான்கிரீட் சமையலறைகள் எழுந்தன. தீயைச் செதுக்கலாம், தீக்குப் பிறகு வந்த அடுப்படியைச் செதுக்கக் கூடாதா? இரண்டும் ஒரே கதையின் முன்பக்கமும் பின்பக்கமும்தானே.

மார்ச் 3, காலை 7.15

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன். பென்சில் கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை.

வெள்ளைத்தாளில் பென்சிலை வைத்தால் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போகிறோம். மரத்தில் எல்லாமே தலைகீழ். செதுக்கும்முன் பலகை முழுவதும் கறுப்பு மை பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுகிறேன். உளி படும் இடத்தில் மட்டும் வெளிர்மரம் தெரியும், அங்கே மட்டும் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டாகவே நிற்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா சமையலறை விளக்கைப் போடும்போது முதலில் தெரிவது எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு, பிறகு குழாய், பிறகுதான் சுவர். ஒரு அறை அந்த வரிசையில் எனக்குக் கையில் வருகிறது. பென்சிலில் வந்ததில்லை.

மார்ச் 3, இரவு

வல்லோத்தோனைப் பற்றிக் காலையில் சொல்லியிருக்க வேண்டும். ஃபெலிக்ஸ் வல்லோத்தோன், ஓவியர், லொசானில் 1865-ல் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர். 1925 டிசம்பரில் இறந்தார். தெருவில் போலீஸ் அடிதடி, கூட்டம், மழையில் குடைகள் எல்லாம் செதுக்கிவிட்டு 1897, 98-ல் வீட்டுக்குள் வந்துவிட்டார். "அந்தரங்கங்கள்" என்று பத்து மரச்செதுக்குகள். நாற்காலி, திரைச்சீலை, விளக்கு, ஓர் ஆண், ஒரு பெண். யாரும் கத்துவதில்லை. "பணம்" என்ற படத்தில் பாதிக்கும் மேல் வெறும் கறுப்பு. கோட்டுப் போட்ட ஆள் அந்தக் கறுப்பிலேயே கரைந்துபோய் நிற்கிறான், முகமும் கையும்தான் மிச்சம். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். அவர்களுக்குள் என்ன பேச்சு என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை, அந்தக் கறுப்பைப் பார்த்தால் வயிற்றில் என்னமோ செய்கிறது.

முப்பது தொகுப்புதான் அச்சடித்தார்கள். பிறகு பத்துப் பலகைகளையும் வெட்டி அழித்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளை ஒரே தாளில் அடித்துச் சான்றாக வைத்தார்கள், இனி யாரும் அடிக்க முடியாது என்பதற்கு. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்தான் நினைவுக்கு வரும்.

ஆக, அமைதியான அறைக்கு மரச்செதுக்கு ஒத்துவராது என்பதை நூற்று இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பே ஒருவர் மறுத்துவிட்டார்.

இன்னொரு சான்றும் உண்டு. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1514-ல் செதுக்கிய ஜெரோம் முனிவரின் அறை. வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் சுவரில் விழுவதைப் பாருங்கள். மரத்தில் அதைச் செய்திருக்கிறார்!

மார்ச் 4

திருத்தம். 1514 படம் மரம் இல்லை, செப்புத்தகடு. அவர் மரத்தில் செதுக்கிய ஜெரோம் 1511-ல் வந்த வேறு படம். தூங்கப் போகுமுன் அவசரமாக எழுதியதன் விளைவு. மன்னிக்கவும்.

இது சின்னத் தவறில்லை என்பதால் விளக்குகிறேன். செம்பில் கீறிய பள்ளத்துக்குள் மை தங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அழுத்தினால் பள்ளத்தில் இருப்பது தாளுக்கு வரும். அதனால் முடிபோன்ற கோடுகளால் மெல்லிய சாம்பல் வெளிச்சம் கொண்டுவரலாம். மரத்தில் பள்ளம் வெள்ளை, மேடு கறுப்பு. நடுவில் எதுவுமில்லை. ஒவ்வொரு இடத்திலும் உண்டா இல்லையா என்று முடிவெடுத்தாக வேண்டும். கண்ணாடி வெளிச்சத்துக்கு அவர் செம்புக்குப் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நான் எதிர்க்கட்சிக்கு வாதம் எடுத்துக்கொடுத்துவிட்டேன் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். சரிதான்.

மார்ச் 8, சனி

எந்தச் சமையலறை என்று பலர் கேட்கிறார்கள். தங்ளின் ஹால்ட், மூவறை வீடு, ஏழாவது மாடி. ஹொக்கியனில் அந்தப் பகுதியைச் சாப் லாவ் சூ என்பார்கள், பத்து மாடி வீடு என்று அர்த்தம். அறுபதுகளில் பத்து மாடியே ஊருக்கு அதிசயம். ஹால்ட் என்ற பேரே ரயில் நின்று செல்லும் இடம் என்பதால் வந்தது. மலாயா ரயில் பாதை எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழேயே போனது. ரயில் வந்தால் தாளிக்கிற சத்தம் கேட்காது. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி வண்டி போனபோது புளோக்கே தாழ்வாரத்தில் நின்றது. முனீஸ்வரன் கோயிலும் அந்த ரயில்வேக்காரர்கள் தொடங்கியதுதான்.

அம்மா 1974-ல் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தார். 2014-ல் முப்பத்தொரு புளோக்கையும் எடுத்துக்கொள்வதாக வீவக அறிவித்தது. 2021-ல் அம்மா டாசன் பகுதிக்கு மாறினார். நாற்பத்தேழு வருஷம் ஒரே அடுப்படி. சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் நான் போய் வரைந்து வைத்த படம்தான் இப்போது பலகையில் இருக்கிறது. சாமான் எல்லாம் போன பிறகு வரைந்தது இல்லை, அடுப்பு, ஸ்டூல், தினசரி நாள்காட்டி எல்லாம் இருக்கும்போதே வரைந்தது.

மார்ச் 9, காலை

பலகை: ஷினா என்று ஜப்பானிய மரத்தில் செய்யும் பிளைவுட். முப்பதுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கினேன். நார் மென்மை, உளி எந்தப் பக்கம் போனாலும் பெரிதாக முரண்டு பிடிக்காது. அம்மாவுக்கு மரம் பிடிக்கவில்லை. "இதென்ன, பழப்பெட்டிப் பலகை மாதிரி இருக்கு. பலா மரத்துல செதுக்கக் கூடாதா?" என்றார். நரம்பு தெரிகிற மரத்தில் செதுக்குவதும் உண்டு. நார்வே ஓவியர் முங்க் அப்படித்தான் பலகையின் ரேகையையே முத்தமிடுகிற இருவர் மேலும் ஓடவிட்டார். எனக்கு இதில் ரேகை வேண்டாம். அந்தச் சுவரில் ரேகை கிடையாது, வெள்ளையடித்த சுவர்.

உளிகள் மூன்றுதான். ஒரு கத்தி, ஒரு வி வடிவ உளி, அகலக் குழிவான ஒன்று.

மார்ச் 9, மாலை

பிரஸ் இல்லாமல் எப்படி அச்சடிப்பீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராபர்ட்சன் கீயில் பெரிய அச்சுக்கூடம் 2002 முதல் இருக்கிறது, காகித ஆலையோடு. அங்கே உள்ள இயந்திரங்களைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும், ஆனால் மரத்துக்குக் கை போதும். மை தடவிய பலகைமேல் தாளைப் போட்டு முதுகில் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானியர்கள் இதற்கு மூங்கில் மட்டை சுற்றிய வட்டமான ஒரு தேய்ப்பான் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் பேரன்.

போனில் அம்மாவிடம் "பேரன் வாங்கணும், விலை ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எந்தக் கடையிலடி விக்கிறான்? எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றார். எனக்குப் பிள்ளையில்லை. இருவரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் சிரித்தது இதுதான் முதல் தடவை.

கடைசியில் பேரன் வாங்கவில்லை. அம்மாவின் சிரட்டை அகப்பையைக் கொடுத்தார். நாற்பது வருஷம் சாம்பார் கிளறி வழவழப்பாகிப் போன முதுகு. மல்பெரிப் பட்டையில் செய்த தாள்மேல் அது வழுக்கிக்கொண்டு போகிறது, தாள் கிழிவதே இல்லை. (அந்தத் தாளை எல்லோரும் அரிசித்தாள் என்கிறார்கள். அதில் அரிசி கிடையாது.)

மார்ச் 15

ஒரு மனக்குறை. ஸ்டூல் கால்களைச் சுற்றி அளவுக்கு மீறிச் செதுக்கிவிட்டேன். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தத் தரை பளிச்சென்று இருந்ததே இல்லை, மெழுகு போட்ட சிவப்பு சிமெண்ட். வெளிச்சம் நன்றாக வருகிறதே என்று கை பாட்டுக்குப் போய்விட்டது. எடுத்த மரம் திரும்ப வராது.

மார்ச் 3-ல் "உளி படும் இடத்தில் மட்டும் வெளிச்சம்" என்று பெருமையாக எழுதினேன். இன்றைக்குச் சொல்வதென்றால், எங்கே உளி படக்கூடாது என்பதுதான் பாதி வேலை. வல்லோத்தோனின் கறுப்பு எவ்வளவு கைக்கட்டுப்பாடு என்று இப்போது புரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஆள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நான் மனசில் ஒரு பதில் வைத்திருந்தேன்: வெறுமை, விட்டுப்போன வீடு, அந்த மாதிரி. இன்றைக்கு அம்மாவிடம் பலகையைக் காட்டி, உங்களை ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி போடட்டுமா என்று கேட்டேன். கோபமே வந்துவிட்டது.

"நான் எப்படி அங்க உட்கார்ந்தேன்? அந்த ஸ்டூல்ல நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவே. உங்க அப்பா உட்கார்ந்து தே ஓ குடிப்பாரு. நான் நின்னுகிட்டேதான் இருந்தேன். உட்கார்ந்த மாதிரி போட்டா அது பொய்."

என் பதிலைத் தூக்கிப் போட்டேன். நின்றவர் எங்கே நின்றார் என்று வரைந்த தாளில் தேடினேன். இருக்கிறது. அடுப்புக்கு முன்னால் சிவப்பு சிமெண்ட் வெளுத்து, ஒரு முழ அகலத்துக்குத் தட்டு மாதிரி. வரையும்போது அழுக்கு என்று நினைத்து லேசாகத்தான் கோடு போட்டிருந்தேன். நாற்பத்தேழு வருஷம் இரண்டு பாதம் நின்ற இடம்.

கறுப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள பலகையில் வெளுப்பை எப்படிச் செதுக்குவது? முழுக்க எடுத்தால் தண்ணீர் கொட்டின மாதிரி தெரியும். வி உளியின் முனையை மட்டும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எள் மாதிரி புள்ளிகள். நடுவில் நெருக்கமாக, விளிம்பில் தள்ளித் தள்ளி. மூன்று மணி நேரம் ஆனது. சரியாக வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மார்ச் 22, சனி – முதல் அச்சு

வீடு இடமும் வலமும் மாறிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த பாடம்: பலகையில் இருப்பது தாளில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். அதனால் வரைந்த தாளைத் திருப்பிப் போட்டுத்தான் பலகைக்கு மாற்ற வேண்டும். நான் கார்பன் தாள் வைத்து அப்படியே எடுத்துவிட்டேன். ஆனால் நாள்காட்டித் தேதி மட்டும், 14, எழுத்து என்றால் திருப்பித்தான் செதுக்க வேண்டும் என்று கை பழகியிருந்ததால் ஞாபகமாகத் திருப்பிச் செதுக்கியிருக்கிறேன். ஒரு மாதமாக இதைக் கவனிக்கவே இல்லை.

தாளை உரித்து எடுத்ததும் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. கறுப்பு ஆழமாக வந்திருந்தது. அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேதி சரியா இருக்கு. வீடுதான் தப்பா இருக்கு."

பிறகு, "இது நம்ம வீடே இல்லடி. மக்சிக் வீடு."

மார்ச் 22, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுவது பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை. இப்போதும் டாசனில் அதே புளோக்தான், இரண்டு மாடி கீழே.

அம்மா சொன்னது சரி. எங்கள் புளோக்கில் வீடுகள் ஜோடி ஜோடியாகக் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டின் அமைப்பைத் திருப்பிப் போட்டால் அடுத்த வீடு. சமையலறைகள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே சுவர், தண்ணீர்க் குழாய் ஒரே வரிசையில் இறங்கும். நான் தெரியாமல் திருப்பியது அந்தக் கட்டடம் ஏற்கெனவே திருப்பியதைத்தான்.

அந்தச் சுவரில்தான் எங்கள் அடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பும் அதே சுவரில். அப்படியானால் நான் எள் எள்ளாகக் குத்திய அந்த வெளுத்த இடம், தாளில் விழுந்திருப்பது, மக்சிக் நின்ற இடம். இரண்டு பேரும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றிருக்கிறார்கள், நடுவில் ஒரு செங்கல் சுவரோடு. அம்மா கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார், அந்தப் பக்கம் இரண்டு தட்டு வரும். உப்பு வேண்டும் என்றால் மூன்று. இதை நான் மறந்தே போயிருந்தேன்.

மார்ச் 23

பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செதுக்குங்கள் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அக்கறைக்கு நன்றி. செய்யப்போவதில்லை.

கேட்டவர் மட்டும் வேறு விதமாக எழுதியிருக்கிறார்: "பென்சிலில் வரைந்திருந்தால் இது நடந்திருக்காது." எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, எனக்கு அது பெரிய ஆதரவாகப் படுகிறது.

மார்ச் 29, சனி

அம்மாவுக்கு அவர் வீடு வேண்டுமே. பழைய அச்சுக்காரர்களின் வழி ஒன்று உண்டு: அடித்த தாளில் மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் இன்னொரு வெறுந்தாளை வைத்துத் தேய்த்தால், திரும்பியது மறுபடி திரும்பி நேராக விழும். நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய் மை காயவே காயாது, மூன்று நாள்கூட ஒட்டும். முதல் தடவையாக அது எனக்கு உதவியது. மை கொஞ்சம் தாராளமாகத் தடவி ஒரு பிரதி எடுத்து, உடனே அதன்மேல் லேசாக ஈரப்படுத்திய தாள், அகப்பை.

வந்தது. ஆனால் கறுப்பு இல்லை, சாம்பல். பாதி மைதானே ஏறும். ஜன்னல் இடப்பக்கம், அடுப்பு வலப்பக்கம், எல்லாம் எங்கள் வீடு போலவே. நாள்காட்டியில் 14 மட்டும் திரும்பிப்போய் யாருக்கும் புரியாத குறியாக நிற்கிறது.

அம்மா சிரித்தார். "இப்ப வீடு சரி, தேதி தப்பு." பிறகு விரலால் அந்த வெளுப்பைத் தடவப் போனார், மை ஒட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "விடியக்காலையில இப்படித்தான் இருக்கும், லைட்டு போடறதுக்கு முன்னால" என்றார்.

மார்ச் 4-ல் மரத்தில் நடுநிறம் எதுவுமில்லை என்று எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடவில்லை, ஆனால் இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மார்ச் 31, நோன்புப் பெருநாள்

அம்மாவோடு மக்சிக் வீட்டுக்குப் போனோம். பெருநாள் கூட்டம், பேரப்பிள்ளைகள், லொந்தோங், ரெண்டாங். ஓரமாக உட்காரவைத்துச் சுருளைப் பிரித்துக் காட்டினேன், கறுப்புப் பிரதியை. நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லக் கூடாது என்று வரும் வழியிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மக்சிக் தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "இனி ரூமா சாயா," என்றார். இது என் வீடு.

பிறகு ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி. குப்பைக் குழாய் மூடி, அது எப்போதும் சரியாக மூடாது. அடுப்பு. அம்மா பசார் மலாயில் (கடைத்தெருப் பேச்சு மலாய்) கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். நாள்காட்டியைக் காட்டி, அது எங்கள் வீட்டு நாள்காட்டி ஆயிற்றே, உங்கள் வீட்டில் ஏது என்று அம்மாவே கேட்டுவிட்டார். மளிகைக்கடைத் தமிழர் வருஷா வருஷம் எனக்கும் ஒன்று கொடுப்பாரே, நீதானே வாங்கி வந்து கொடுத்தாய் என்று மக்சிக் சொன்னார். அம்மாவுக்கே அது மறந்திருந்தது.

ஸ்டூலைப் பார்த்ததும் மட்டும் தலையை ஆட்டினார். அங்கே ஸ்டூல் இல்லையாம். தையல் மெஷின் இருந்ததாம், கால் மிதியோடு. பெருநாளுக்கு முந்தின வாரங்களில் புளோக் முழுவதுக்கும் அங்கே உட்கார்ந்துதான் தைத்தாராம். உட்கார்ந்து. அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார்.

மெஷினைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கேட்டதோடு ஒரு டப்பா குவே தார்ட் பலகாரமும் கையில் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 5, சனி

எடுத்த மரம் திரும்ப வராது என்று மார்ச் 15-ல் எழுதியதற்குத் திருத்தம். ஒரு வழியில் வரும். தவறாகச் செதுக்கிய பகுதியைச் சதுரமாகக் குழித்து எடுத்துவிட்டு, அதே அளவுக்கு வேறு மரத்துண்டை ஆப்பு மாதிரி இறுக்கி ஒட்டி, மேலே சமப்படுத்திப் புதிதாகச் செதுக்கலாம். பழைய காலத்திலிருந்து செய்வதுதான். நான் செய்ததில்லை.

முதலில் அம்மாவுக்கு ஸ்டூலோடு மூன்று சாம்பல் பிரதிகள் எடுத்து வைத்துவிட்டேன், இனி அந்தப் பலகையில் ஸ்டூல் கிடையாது. பிறகு குழித்தேன். ஒன்பதுக்குப் பதினொரு சென்டிமீட்டர். நான் அதிகமாகச் செதுக்கிப் பளிச்சென்று ஆக்கிய தரைத்துண்டும் அதோடு போய்விட்டது. வெளுத்த இடத்தைத் தொடவில்லை, அதற்கும் குழிக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது, கை நடுங்கியது.

ஆப்புக்கு மரம் அம்மா கொடுத்தார். பழைய வீட்டு மாவரிக்கும் சல்லடையின் சட்டம், பலா மரம் என்று அடித்துச் சொல்கிறார். ஷினாவைவிட அது கடினம், உளி வழுக்குகிறது. ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு அச்சில் விழத்தான் போகிறது, எவ்வளவு இறுக்கினாலும். கேட்டவர் அதை எப்படி மறைப்பீர்கள் என்று எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கால் மிதி முடிந்தது. சக்கரம் பாதி. ஊசியை எந்தப் பக்கம் வைப்பது என்று தாளில் நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இன்று பலகையில் கோடு போட்டேன்.